ஸ்வெட்டர் பார்ட்டி

என் மனைவியையும் மகளையும் யாரோ என்று சொன்னவன் நான்.

பயத்தில் சொல்லவில்லை. குடித்துவிட்டும் சொல்லவில்லை. ஓர் ஓட்டலின் பின்வாசலில், நல்ல வெளிச்சத்தில், சிரித்துக்கொண்டே சொன்னேன்.

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது... பேசிப் பழக்கம் இல்லாதவன். முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளிகளுக்கான லைன் வீட்டில் பிறந்தேன். அதே லைனில்தான் இன்றும் இருக்கிறேன். மனைவி ஜெயமணி கொழுந்து பறிக்கிறாள். நான் வேன் ஓட்டுகிறேன். வேன் முதலாளியுடையது.

எங்கள் தொழிலில் வண்டியில் ஏறுகிற எல்லாருக்கும் ஒரே பெயர்தான். பார்ட்டி. கல்யாண பார்ட்டி, ஸ்கூல் பார்ட்டி, கோயில் பார்ட்டி. கோடை வந்தால் பார்க் பார்ட்டி. மலைக்குக் கீழே ஒரு தண்ணீர் பார்க் இருக்கிறது. சறுக்கு, ராட்டினம், அலை அடிக்கிற குளம் எல்லாம் உண்டு. மலையில் இருக்கிறவர்கள் வருஷத்தில் ஒரு நாளாவது அங்கே போய் நனைந்துவிட்டு வர ஆசைப்படுவார்கள். எஸ்டேட் பெண்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து வண்டி பிடிப்பார்கள். நான் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் புளியமரத்து நிழலில் வண்டிக்குள் படுத்திருப்பேன்.

திரும்பும்போது பசி வந்துவிடும். பார்ட்டிக்கு எந்த ஓட்டல் என்று தெரியாது. "டிரைவர் அண்ணா, நல்ல ஓட்டலா பாத்து நிறுத்துங்க" என்பார்கள். எந்த டிரைவரிடமும் ஓர் ஓட்டல் இருக்கும். என்னிடமும் இருந்தது. பார்ட்டி முன்பக்கம் ஹாலில் உட்காரும். கொண்டுவந்த டிரைவருக்குப் பின்பக்கம், சமையல்கட்டை ஒட்டி, தனி அறை. டிரைவர் ரூம். அங்கே எங்களுக்குச் சாப்பாடு இலவசம். பக்கத்திலேயே பாத்திரம் கழுவுகிற குழாய். தரை எப்போதும் ஈரம். தகர மேசை ஒன்று, பெஞ்சு இரண்டு.

அந்த அறையில் என்ன பேசுவோம் தெரியுமா? பார்ட்டிகளைப் பற்றித்தான். யார் எப்படித் தின்றார்கள், யார் ஒரு பிரியாணியை மூன்று பேர் பங்கு போட்டார்கள், யார் வெங்காயத்தை நாலு தரம் கேட்டு வாங்கினார்கள்... சிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது.

அதிகம் சிரிக்க வைத்தவன் நான்தான். வெளியில் பேசாத வாய் அங்கே மட்டும் பேசும். எஸ்டேட் ஆட்கள் பார்க்கில் நனைந்துவிட்டுத் தலையில் ஈரத்தோடு வருவார்கள். இனிமேல் மலை ஏற வேண்டும், குளிரும் என்று, கீழே கொதிக்கிற வெயிலிலேயே ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். ஈரத் துணி சொட்டுகிற வயர் கூடையோடு ஓட்டலுக்குள் நுழைவார்கள். வியர்வை வழிய வழிய ஸ்வெட்டரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். அவர்களுக்கு ஒரு பெயர் வைத்தேன். ஸ்வெட்டர் பார்ட்டி!

அந்தப் பெயர் எல்லா டிரைவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. ஓட்டல் சூப்பர்வைசர் தங்கவேல் அண்ணனும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.

நான் யார்? நானும் அந்த எஸ்டேட்டில் பிறந்தவன்தானே! என் அம்மாவும் ஸ்வெட்டரோடு செத்தவள்தானே! அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

வீட்டில் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் என் மகள் நிவேதா கேட்பாள். "இன்னைக்கு என்னப்பா சாப்ட்டீங்க? எங்க உக்காந்து சாப்ட்டீங்க?" அப்போது அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் குழாயடி என்று எப்படிச் சொல்வேன்? ஹாலில் என்றேன். ஃபேனுக்குக் கீழே என்றேன். ஒருநாள், ஓட்டல் முதலாளியே எழுந்து வந்து உட்கார வைப்பார் என்றும் சொல்லிவிட்டேன். ஜெயமணி அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் முகத்தில் ஒரு பெருமை தெரியும். அதைப் பார்க்கவே அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன்.

ஒரு வருஷம் நாங்களே பார்க்குக்குப் போவது என்று முடிவாயிற்று. வேன் முதலாளி வண்டியை ஒரு நாளைக்குத் தருவதாகச் சொன்னார். நான், ஜெயமணி, நிவேதா, ஜெயமணியின் தம்பி குமரேசன். அவன் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவன். வாய் ஓயாது.

பார்க்கைப் பற்றி அவர்கள் பேசவில்லை. எங்கே சாப்பிடுவது என்றுதான் நாள்கணக்கில் பேச்சு! உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். மாதத்துக்கு ஒரு தடவை ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்கு இது புரியாது. நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஓட்டலில் சாப்பிட்டதே இல்லை.

நிவேதாவுக்குப் பார்க் வாசலில் இருக்கிற ஃபிரைட் ரைஸ் கடை. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சொல்லி வைத்திருந்தார்கள். குமரேசனுக்கு மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்.

"மாமா, அங்க தலக்கறி சாப்ட்டீங்கன்னா மூணு நாளைக்குக் கை மணக்குமுங்க" என்றான்.

"நீ கைய கழுவுனாத்தானே" என்றாள் ஜெயமணி.

"உனக்கு எங்க வேணும்?" என்று அவளிடம் கேட்டேன்.

"எனக்கு எதுனாலும் சரிங்க. நாலு பேரும் ஒரே டேபிள்ல உக்காரணும். நாலு தட்டும் ஒரே நேரத்துல வரணும். நீங்களும் உக்காரணும். அவ்வளவுதான்."

எங்கள் வீட்டில் சமையலறையில் ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க வேண்டும். நான் முதலில் சாப்பிடுவேன், அப்புறம் பிள்ளை. கடைசியில் அவள் அடுப்படியில் தட்டை மடியில் வைத்துக்கொள்வாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கல்யாணப் பந்தியோடு சரி. அவள் கேட்டது அதைத்தான். புரிந்தது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. "சரி" என்றேன்.

"நீங்க எப்பவும் போற ஓட்டலுக்கே போலாம்ப்பா. அந்த முதலாளிய நான் பாக்கணும்" என்றாள் நிவேதா.

அங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். வேறு ஓட்டலே இல்லையா? எத்தனையோ இருந்தன! என் முகம் தெரியாத ஓட்டல்கள். மெஸ் என்று சொல்லியிருந்தால் குமரேசன் குதித்திருப்பான். ஃபிரைட் ரைஸ் என்றால் பிள்ளை குதித்திருப்பாள். ஆனால் என் மனசு வேறு கணக்குப் போட்டது. இத்தனை வருஷம் இத்தனை பார்ட்டி கொண்டுபோயிருக்கிறேன். குடும்பத்தோடு போனால் ஒரு மரியாதை செய்யாமலா போவார்கள்? சொன்ன பொய் ஒரு நாளாவது நிஜமாகட்டுமே!

"அங்கேயே போலாம்" என்றேன். தேர்ந்தெடுத்தவன் நான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

அந்த நாள்... அந்த நாளைப் பற்றிச் சொல்லாமல் போனால் மீதி உங்களுக்குப் புரியாது.

அத்தனை வருஷம் வாசலில் படுத்துக் கிடந்த பார்க்குக்குள் அன்றுதான் நுழைந்தேன். அலைக்குளத்தில் ஜெயமணி புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதல் அலை வந்தபோது என் கையைப் பிடித்தாள். இரண்டாவது அலையில் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் கேட்டதே இல்லை. வாயைப் பொத்தவில்லை. யார் பார்க்கிறார்கள் என்று திரும்பவில்லை. நிவேதா அவள் முதுகைக் கட்டிக்கொண்டு, "அப்பா, அம்மாவப் பாருங்க! அப்பா, அம்மாவப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

பார்த்தேன். இன்றும் கண்ணை மூடினால் அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அந்த நாள் அதோடு முடிந்திருந்தால்!

வெயில் சாயும்போது கிளம்பினோம். உள்ளே எதையும் சாப்பிடவில்லை. எல்லாப் பசியையும் ஓட்டலுக்கு வைத்திருந்தார்கள். ஓட்டல் வாசலில் அவர்களை இறக்கிவிட்டேன். "நீங்க உள்ள போய் டேபிள் புடிங்க. வண்டியப் போட்டுட்டு வந்தர்றேன்" என்றேன். டிரைவர்கள் வண்டியைப் பின்பக்கம்தான் விட வேண்டும்.

பின்வாசலில் தங்கவேல் அண்ணன் நின்றிருந்தார். டிரைவர் ரூம் வாசலில் ஊட்டி பாபுவும் இன்னொரு டிரைவரும். சமையல்கட்டு வழியாக ஹால் தெரியும். ஜெயமணி உள்ளே வந்துகொண்டிருந்தாள். தலை ஈரம். கத்தரிப்பூ நிற ஸ்வெட்டர். கையில் வயர் கூடை. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் கோடு போட்டது. பின்னால் நிவேதா, அவளும் ஸ்வெட்டரில். குமரேசன் காதுக்கு மஃப்ளர் கட்டியிருந்தான்.

தங்கவேல் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏப்பா சண்முகம்... ஸ்வெட்டர் பார்ட்டியா இன்னைக்கு?"

பாபு சிரித்தான். மற்றவனும் சிரித்தான்.

என் குடும்பம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "ஊட்டுக்காரிங்க. என் பொண்ணுங்க." அவ்வளவுதான். தங்கவேல் அண்ணன் கெட்டவர் இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓடிப்போய் நல்ல டேபிளாகப் போட்டிருப்பார்.

"ஆமாங்க. நம்ம எஸ்டேட் பார்ட்டி" என்றேன். சிரித்தேன்.

"அந்தக் கூடைய வெளிய வெக்கச் சொல்லப்பா. டைல்ஸ் எல்லாம் தண்ணி."

"சொல்றேனுங்க."

சொல்லிவிட்டு டிரைவர் ரூமுக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, இவர்கள் கவனம் திரும்பியதும் ஹாலுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்... நம்பாவிட்டாலும் சரி. பழக்கப்படி பிரியாணித் தட்டு என் முன்னால் வந்துவிட்டது. எனக்குப் பழக்கமான இரண்டு முட்டையோடு. பாபு எதிரே உட்கார்ந்தான். எழுந்து போனால் எங்கே என்று கேட்பான். என்ன சொல்வேன்? சாப்பிட ஆரம்பித்தேன்.

தட்டுகளை எடுத்துக் கொடுக்க அந்த அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். அது வழியாக அவர்கள் டேபிள் தெரிந்தது. நாலு நாற்காலி. ஒன்று காலி. அதன் மேல் ஜெயமணி ஒரு கையை வைத்திருந்தாள். சர்வர் வந்து அந்த நாற்காலியை இழுத்தான். அவள் விடவில்லை. ஏதோ சொன்னாள். அவன் போய்விட்டான். மறுபடி வந்தான். அவள் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டாள். நாலு தட்டுச் சாப்பாடு வந்து டேபிளில் இருந்தது. யாரும் கை வைக்கவில்லை.

பாபுவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்க பார்ட்டில ஒரு அம்மா சேரக் கட்டிப்புடிச்சுட்டு உக்காந்திருக்குது பாருங்க! இன்னொரு ஆளு வரோணுமாம். அந்த ஆளு இந்நேரம் மலையேறி ஊட்டுக்கே போயிருப்பான்!"

எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

இதுதான் நான் சொல்ல வந்தது. வாசலில் சொன்ன பொய்யைக்கூட ஏதோ வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சிரிப்பை எதில் சேர்ப்பது? என்னோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று காத்திருந்தவளைப் பார்த்து, வாயில் சோற்றோடு சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பினேன். வாசலில் நிவேதா நின்றிருந்தாள்.

என்னைத் தேடிப் பின்பக்கமாக வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள், தெரியாது. பாபு சொன்னதைக் கேட்டாளா? கேட்டிருப்பாள். அவள் முதலில் பாபுவைப் பார்த்தாள். அப்புறம் என் தட்டை. அப்புறம் என்னை.

"என்ன பாப்பா, யாரு வேணும்?" என்று பாபு கேட்டான்.

அந்த ஒரு கணம்... அவள் 'அப்பா' என்று கூப்பிட்டுவிடுவாளோ என்று நான் பயந்தேன். ஆமாம், பயந்தேன்! பெற்ற பிள்ளை என்னை அப்பா என்று கூப்பிடக் கூடாதே என்று!

"டிரைவர் அண்ணாகிட்ட சொல்லத்தான் வந்தேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை. "நாங்க சாப்பிட இன்னும் நேரமாகும். நீங்க மெதுவா சாப்ட்டுட்டே வாங்கண்ணா."

போய்விட்டாள்.

"பரவால்லையே... எஸ்டேட் புள்ளயா இருந்தாலும் மரியாத தெரிஞ்ச புள்ள" என்றான் பாபு.

மீதியையும் சாப்பிட்டேன். அதையும் மறைக்கவில்லை. தட்டில் மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்பார்களே.

ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நிவேதா அம்மாவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெயமணி நாற்காலியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டாள். மூன்று பேரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். நாலாவது தட்டைக் குமரேசன் பக்கம் நகர்த்தினார்கள்.

மலை ஏறும்போது ஜெயமணி என் பக்கத்து சீட்டில் இருந்தாள். குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டினதும் பேசினாள்.

"ஏனுங்க... அந்த முதலாளி உங்களப் புடிச்சு உள்ள ஸ்பெசல் ரூம்ல உக்கார வெச்சுட்டாராமா? விடவே மாட்டேன்னுட்டாராமா? பாப்பா சொன்னா."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"பெரிய மனுசங்க கூப்புட்டா எந்திரிச்சு வர முடியாதுதான். இருந்தாலும்... ஒரு வாய் எங்ககூட உக்காந்துட்டுப் போயிருக்கலாமுங்க."

"மாமா, உள்ள என்ன வெட்டு வெட்டுனீங்க?" என்று பின்னாலிருந்து குமரேசன் கேட்டான். "எங்களுக்கு வந்த பிரியாணில கோழி நடந்து போன தடம்தான் இருந்துச்சு!"

ஜெயமணி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். நிவேதா தூங்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பொய்யை அவள் காப்பாற்றிவிட்டாள். பதிமூன்று வயதுப் பிள்ளை! நான் வீட்டில் சொன்ன பொய்யை அம்மாவிடமும், ஓட்டலில் சொன்ன பொய்யை டிரைவர்களிடமும், இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்கிப் பிடித்தாள். யார் சொல்லிக் கொடுத்தது? நான்தானே! அந்த வித்தை என்னிடமிருந்துதானே போயிருக்க வேண்டும்!

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு வாரம் காத்திருந்தேன். கோபமே இல்லை. கை கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தாள். சட்டையை மடித்து வைத்தாள். அப்பா என்றுதான் கூப்பிட்டாள். ஒன்று மட்டும் நின்றுபோயிற்று. இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று அவள் கேட்பதில்லை. அன்றிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு ஏங்குகிறேன். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது இன்றும் ஒரு நொடி நிற்கிறேன். அவள் இப்போது வீட்டில் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். இருந்தாலும் நிற்கிறேன்.

அந்த ஓட்டலை விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. இன்றும் அங்கேதான் பார்ட்டியை நிறுத்துகிறேன். பாபு இன்றும் அந்தப் பெயரைச் சொல்கிறான். நிறுத்து என்று நான் சொன்னதில்லை. சிரிப்பதை மட்டும் விட்டுவிட்டேன். அது யாருக்கும் தெரியவில்லை. எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜெயமணியும் நானும் இதுவரை ஒரு டேபிளில் உட்காரவில்லை. கோடை வந்தால் கேட்பாள். வண்டி இல்லை என்பேன். டிரிப் இருக்கிறது என்பேன். இரண்டு வருஷமாக அவள் கேட்பதில்லை. அவளிடம் எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? அவள் மனசில் அந்த ஸ்பெஷல் ரூமில் ஒரு மனிதன் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறானே... அவனையும் எழுப்பிவிட வேண்டும். அவளுக்காகப் பார்க்கிறேனா, எனக்காகப் பார்க்கிறேனா? தெரியவில்லை. எனக்காகத்தான் இருக்கும்.

போன வாரம் நிவேதா போன் செய்தாள். அவளுக்கு ஒரு இடம் கூடி வந்திருக்கிறது. கூட வேலை பார்க்கிற பையன். நல்ல பையன் என்கிறாள்.

"ஞாயித்துக்கெழம அவங்க ஊட்டுல இருந்து ஏழெட்டுப் பேரு வராங்கப்பா. நம்ம ஊட்டுல உக்கார எடம் பத்தாது. எல்லாரும் சேந்து சாப்புடற மாதிரி கோத்தகிரில நல்ல ஓட்டலா நீங்களே பாத்துச் சொல்லிருங்க."

"சரிம்மா."

அவள் போனை வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டது.

"அப்பா..."

"சொல்லும்மா."

"உங்களுக்கு எது சௌகரியமோ அதையே பாருங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற வார்த்தைதான். மன்னித்துவிட்டேன் என்றாளா? மறக்கவில்லை என்றாளா? இல்லை, ஒன்றுமே நினைக்காமல் சொன்னாளா? அப்போதே சொல்லியிருக்கலாம். நான் உன் பக்கத்தில் உட்காருவேன் என்று ஒரு வார்த்தை. அந்தப் பக்கம் அவள் காத்திருந்தது போலக்கூட இருந்தது. "டவர் கெடைக்கல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மூன்று ஓட்டலுக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டில் கல்லாவில் இருந்தவருக்கு என்னைத் தெரியும். மூன்றாவதில் தெரியாது. அங்கேயும் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

நேற்று ஜெயமணி கேட்டாள். "ஓட்டல் பாத்துட்டீங்களா?"

"பாக்கறேன்."

"இன்னும் என்னத்தப் பாக்கறீங்க? நான் புதுப் பொடவைக்கு ஜாக்கெட்டே தெச்சு வாங்கிட்டேன்."

அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது டிரிப் இருந்தால் கொடுங்கள் என்று நானே வேன் முதலாளியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். பைக்காரா அணைக்குப் போக ஒரு பார்ட்டி வந்திருக்கிறது, காலையில் கிளம்ப வேண்டும், போகிறாயா என்று இன்று கேட்டார்.

போகிறேன் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டிச் சாவியை மட்டும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.